சான்று கேட்கும் மாணவர்கள்

நுழையும்முன்

கட்டுரையைப் படிப்பவர் பலர். அதில் சொல்லப்பட்டது உண்மைதானா என்று மூலத்தைத் தேடிச் சென்று பார்ப்பவர் சிலர். சட்டம் பயிலும் மாணவர்கள் இத்தேடலையே தம் பணியாகக் கொண்டு ஆய்விதழ்கள் நடத்துகின்றனர். அவ்விதழ்கள் தோன்றிய வரலாற்றையும் அவற்றில் நடைபெறும் பணியின் இயல்பையும் அவை நீதிமன்றத் தீர்ப்புவரை சென்று சேரும் வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

ஊரின் பெயரில் ஒரு வழக்கு

கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி நகரியம் தமிழகம் நன்கறிந்த ஊர். 1956ஆம் ஆண்டில் இங்குப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்றது. வட்டங்களாகப் பகுக்கப்பட்ட குடியிருப்புகள், நிழல் தரும் அகன்ற சாலைகள், ஆண்டுதோறும் நிகழும் புத்தகக் கண்காட்சி ஆகியவற்றால் இந்நகரியத்தைப் பலரும் நினைவில் வைத்துள்ளனர். ஆயின், நெய்வேலி என்னும் பெயர் பலரும் எதிர்பாராத மற்றோர் இடத்திலும் நிலைபெற்றுள்ளது. அவ்விடம் இந்தியா முழுவதும் உள்ள சட்ட நூலகங்களின் அலமாரி.

உச்சநீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் நூல்தொகுதி ஒன்றில், (1995) 1 எஸ்.சி.சி. 221 என்னும் சுட்டெண்ணின்கீழ் ஒரு வழக்கு பதிவாகியுள்ளது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் எதிர் தனி வட்டாட்சியர் (நிலம் எடுப்பு), நெய்வேலி என்பது அவ்வழக்கின் பெயர். சுட்டெண்ணைப் படிக்கும் முறை எளியது. 1995 என்பது ஆண்டு; 1 என்பது அவ்வாண்டின் முதல் தொகுதி; 221 என்பது தீர்ப்பு தொடங்கும் பக்கம். இதே தீர்ப்பு ஏ.ஐ.ஆர். எனப்படும் மற்றொரு தொகுதியில் 1995ஆம் ஆண்டு, உச்சநீதிமன்றப் பகுதி, 1004ஆம் பக்கத்தில் காணப்படும். ஒரே வீட்டிற்கு இரண்டு தெருக்களிலிருந்தும் வழி இருப்பது போன்றது இது.

வழக்கின் செய்தி இதுதான். சுரங்கப் பணிக்காக நிலம் எடுக்கப்பட்டது. சட்டப்படி நிலத்தை எடுப்பது அரசு. அதற்கான இழப்பீட்டைத் தர வேண்டியது நிறுவனம். அரசு வரையறுத்த தொகை போதாது என்று நிலம் இழந்தவர்கள் நீதிமன்றத்தை நாடினர். பணம் தரப்போவது தாமே ஆதலால், தொகையைக் கூட்டும் முன் தம் தரப்பையும் கேட்க வேண்டும் என்றது நிறுவனம். நிலம் எடுப்பிற்கு அந்நாளில் அடிப்படையாக இருந்தது 1894ஆம் ஆண்டுச் சட்டம். அச்சட்டம் கூறும் ‘நலனுடையவர்’ என்னும் சொல் நிலத்திற்கு உரியவரை மட்டும் குறிக்குமா, நிலத்தைப் பெறுகின்ற நிறுவனத்தையும் குறிக்குமா என்பதே வினா. நிறுவனத்தையும் குறிக்கும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரு சொல்லின் பொருள் விரிந்தது. அதனால், தன் வயலை இழந்து கூடுதல் இழப்பீடு கேட்டு நிற்கும் உழவர், அதன்பின் அரசுக்கு மட்டுமன்றி நிறுவனத்தின் வாதத்திற்கும் விடை கூற வேண்டியவரானார். மறுபுறம், தன்னைக் கேளாமலே தன்மீது சுமத்தப்படும் தொகையை ஒருவர் ஏற்க வேண்டும் என்பதும் முறையாகாது. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. தீர்ப்பு வழங்கியவுடன் நீதிமன்றத்தின் பணி முடிந்துவிடுகிறது. அத்தீர்ப்பு சரிதானா, அதன் விளைவு யாரைச் சாரும், முந்தைய தீர்ப்புகளோடு அது பொருந்துகிறதா என்று ஆராயும் பணி அதன்பிறகே தொடங்குகிறது. அவ்வாராய்ச்சி நிகழும் களம் சட்ட ஆய்விதழ்.

தீர்ப்புத் தொகுதியும் ஆய்விதழும்

தீர்ப்புத் தொகுதியையும் ஆய்விதழையும் ஒன்றெனக் கருதுதல் கூடாது. முன்னது நீதிமன்றம் சொன்னதை அப்படியே பதிவு செய்வது. பின்னது நீதிமன்றம் சொன்னதைப் பற்றிப் பிறர் ஆராய்ந்து கூறுவது. சில இதழ்கள் இரண்டையும் ஒருங்கே செய்ததுண்டு. 1891இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ அத்தகையது. நம் நாட்டின் பழைய சட்ட இதழ்களுள் ஒன்றாகிய இது, மயிலாப்பூரைச் சார்ந்த வழக்கறிஞர்களின் முயற்சியால் உருவானது. அதனை வளர்த்தவர்களுள் ஒருவரான வி. கிருஷ்ணசாமி ஐயரைத் தமிழ் மாணவர் வேறொரு வகையில் அறிவர்; பாரதியின் நாட்டுப்பாடல்களை அச்சிட்டு இலவசமாக வழங்கிய பெருமகன் அவர்.

அவ்விதழை நடத்தியோர் தொழிலில் முதிர்ந்தவர்கள். இங்கிலாந்தில் 1885இல் தோன்றிய ‘லா குவார்ட்டர்லி ரிவ்யூ’ என்னும் காலாண்டிதழுக்கும் பிரெடரிக் பொல்லாக் என்னும் பேராசிரியரே ஆசிரியராக இருந்தார். அறிவுத்துறை இதழ் எதுவாயினும் துறைபோகிய முதியோரே அதன் ஆசிரியராதல் உலக வழக்கம். மருத்துவ இதழுக்கு மருத்துவர், இயற்பியல் இதழுக்கு இயற்பியல் பேராசிரியர் என்பதே எங்கும் காணும் நிலை. சட்டத்துறை மட்டுமே இவ்வழக்கத்தினின்றும் விலகி, படிப்பை இன்னும் முடிக்காத மாணவரின் கையில் தன் ஆய்விதழ்களை ஒப்படைத்தது. இது எங்ஙனம் நேர்ந்தது?

1887

அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் பயின்ற மாணவர் சிலர் ஒன்றுகூடி, 1887ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ‘ஹார்வர்டு லா ரிவ்யூ’ என்னும் இதழின் முதல் எண்ணை வெளியிட்டனர். பாஸ்டன் நகரில் வழக்கறிஞராக இருந்த லூயி பிராண்டைஸ் என்னும் முன்னாள் மாணவர் அவர்களுக்குத் துணை நின்றார். இதற்கு முன்னரும் அந்நாட்டில் சட்ட மாணவர் இதழ்கள் தோன்றியிருந்தன. அவை சில ஆண்டுகளில் நின்றுபோயின. இவ்விதழ் நின்றது, வளர்ந்தது. பிற பல்கலைக்கழகங்களும் இதனைப் பின்பற்றின. பின்னாளில் அந்நாட்டின் சட்ட ஆய்விதழ்களுள் மிகப் பெரும்பாலானவை மாணவரே நடத்துவனவாயின. எந்தக் கட்டுரையை ஏற்பது, எதனை மறுப்பது, ஏற்றதை எவ்வாறு திருத்துவது என்பனவற்றை எல்லாம் மாணவரே முடிவு செய்வர். பேராசிரியர் தம் கட்டுரையை மாணவரிடம் அளித்துவிட்டு விடைக்குக் காத்திருப்பார்.

அதே 1887ஆம் ஆண்டு தமிழுக்கும் மறக்கவியலாத ஆண்டாகும். உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் அவ்வாண்டில்தான் வெளிவந்தன. இருவரும் ஏடுகள் பலவற்றைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளை ஆராய்ந்து பதிப்பித்தனர். அவர்களுள் தாமோதரம் பிள்ளை சட்டம் பயின்று பட்டம் பெற்றவர். புதுக்கோட்டையில் நீதிபதியாகப் பணியாற்றியவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஒன்றையொன்று அறியாத இவ்விரு முயற்சிகளுக்கும் பொதுவானது ஒன்றுண்டு. அச்சில் ஏறும் ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஒரு மூலம் இருக்க வேண்டும். அம்மூலத்தை நேரில் கண்ட பின்னரே அவ்வரியை அச்சிட வேண்டும் என்னும் உறுதியே அது.

நூல் ஒன்று அரங்கேறும்போது அவையோர் வினவ, நூலாசிரியர் விடை கூறுதல் நம் பழைய மரபு. தொல்காப்பியம் அரங்கேறிய அவையில் அதங்கோட்டாசான் கேட்டார் என்னும் செய்தியை மாணவர் அறிவர். அங்கு வினவியவர் ஆசான். மாணவர் நடத்தும் சட்ட இதழில் அந்நிலை தலைகீழாகிறது. வினவுபவர் மாணவர், விடை கூற வேண்டியவர் ஆசான்.

பதிப்பு மேசையில்

மாணவப் பதிப்பாசிரியர் செய்வது என்ன என்பதை ஒரு கற்பனைக் கட்டுரையின் வழியாகக் காணலாம். பேராசிரியர் ஒருவர் நிலம் எடுப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில் இப்படியொரு தொடர் இருப்பதாகக் கொள்வோம்: ‘நிலம் எடுப்பு வழக்குகளில் நிறுவனத்தையும் கேட்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் நெய்வேலி வழக்கில் கூறியுள்ளது, இன்றைய சட்டமும் இதுவே.’ தொடரின் இறுதியில் ஓர் எண். பக்கத்தின் அடியில் அவ்வெண்ணுக்குரிய குறிப்பு.

பதிப்பாசிரியராகிய மாணவர் முதலில் அடிக்குறிப்பைப் பார்க்கிறார். சுட்டெண் சரியாக உள்ளதா? தொகுதியை எடுத்து 221ஆம் பக்கத்தைத் திறக்கிறார். வழக்கின் பெயர் பொருந்துகிறது. அத்துடன் அவர் பணி முடிவதில்லை. கட்டுரையாளர் கூறிய கருத்து அத்தீர்ப்பில் எந்தப் பத்தியில் உள்ளது என்று தேடுகிறார். அக்கருத்து தீர்ப்பின் முடிவா, அல்லது போகிற போக்கில் நீதிபதி கூறிய ஒரு சொல்லா என்று பிரித்தறிகிறார். முடிவு மட்டுமே பின்வரும் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். போகிற போக்கில் கூறியது அவ்வாறு கட்டுப்படுத்தாது. இவ்வேறுபாட்டை அறியாமல் எழுதப்பட்ட பக்கங்கள் சட்ட உலகில் ஏராளம்.

அடுத்து அவர், இதே வினாவைப் பிற அமர்வுகள் ஆராய்ந்துள்ளனவா என்று பார்க்கிறார். ஏறத்தாழ அதே காலத்தில், உத்தரப்பிரதேச வீட்டுவசதி வாரியம் தொடர்பான கியான் தேவி வழக்கில் அரசியலமைப்பு அமர்வு இதே வினாவை ஆராய்ந்தது. நிலம் எந்த உள்ளாட்சி அமைப்புக்காக எடுக்கப்படுகிறதோ அவ்வமைப்பையும் கேட்க வேண்டும் என்று கூறியது. அரசியலமைப்பு அமர்வின் சொல்லுக்கு வலிமை மிகுதி. கட்டுரையாளர் அதனைக் குறிப்பிடவில்லை. ஓரத்தில் மாணவர் எழுதுகிறார்: ‘கியான் தேவி வழக்கையும் சேர்க்க இயலுமா?’

இறுதியாக, ‘இன்றைய சட்டமும் இதுவே’ என்னும் மூன்று சொற்களில் அவர் கண் நிலைக்கிறது. நெய்வேலித் தீர்ப்பு 1894ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பொருள் கூறியது. அச்சட்டம் நீக்கப்பட்டு, 2013இல் இயற்றப்பட்ட புதிய நிலம் எடுப்புச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய சட்டத்தின் சொல்லுக்குத் தரப்பட்ட பொருள் புதிய சட்டத்திற்கும் பொருந்துமா? பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். ஆயின், அதனைக் கட்டுரையாளர் நிறுவ வேண்டும்; நிறுவாமல் கூறுதல் கூடாது. மாணவர் மீண்டும் எழுதுகிறார்: ‘இதற்குச் சான்று தருக.’

நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கத்தைக் கண்டவர்க்கு இப்பணியின் தன்மை எளிதில் விளங்கும். மேல்மண்ணை அகற்றாமல் நிலக்கரியை அடைய இயலாது. கீழிருந்து அழுத்தும் ஊற்றுநீரை இடைவிடாது இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டி எடுக்கப்படும் கரியைக் காட்டிலும் அகற்றப்படும் மண் பன்மடங்கு. ஓர் அடிக்குறிப்பைச் சரிபார்க்க ஒரு மாலைப்பொழுது கழிவதும், முடிவில் ஒற்றை எண்ணை மட்டும் திருத்த நேர்வதும் பதிப்பு மேசையில் அன்றாட நிகழ்ச்சிகள்.

ஒரு கட்டுரையில் நூறு, இருநூறு அடிக்குறிப்புகள் இருப்பதுண்டு. இப்பணியைச் செய்து முடித்த மாணவர், எந்தப் பாடநூலும் கற்றுத் தராத ஒன்றைக் கற்றுக்கொள்கிறார். பெயர்பெற்ற அறிஞரும் பக்க எண்ணைப் பிழையாக எழுதுவார். படிக்காத தீர்ப்பைப் படித்ததுபோல் எடுத்துக்காட்டுவார். தமக்குச் சாதகமான பாதித் தொடரை மட்டும் எடுத்தாள்வார். இவற்றை அச்சமின்றியும் பணிவு குன்றாமலும் சுட்டிக்காட்டும் பழக்கம் பத்தொன்பது, இருபது வயதிலேயே கைவருகிறது.

தெரிந்து தெளிவோம்

தமிழின் முதல் புதினமாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாகப் பணியாற்றியவர். 1805 முதல் 1861 வரையிலான உயர்நிலை நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் நூலாக வெளியிட்டார். ஆங்கிலம் அறியாதோரும் நீதிமன்றத் தீர்ப்புகளை அறிய வழிசெய்த முன்னோடி முயற்சி இது.

ஒரு கட்டுரையின் பயணம்

இவ்வளவு உழைப்பால் விளைந்த பயன் யாது என்னும் வினா எழலாம். ஹார்வர்டு இதழ் தோன்றி மூன்றாண்டுகள் கழிந்த நிலையில், 1890 டிசம்பர் இதழில் ‘தனியுரிமை’ என்னும் பொருள்பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் இருவர். ஒருவர் சாமுவேல் வாரன். மற்றவர் முன்னர்க் குறிப்பிட்ட பிராண்டைஸ். நொடியில் படம் பிடிக்கும் கருவிகள் அப்போது பரவத் தொடங்கியிருந்தன. பிறர் வீட்டுச் செய்திகளை விற்பனைப் பொருளாக்கிய நாளிதழ்களும் பெருகியிருந்தன. ஒருவரின் உடலையும் உடைமையையும் காக்கும் சட்டம், அவருடைய தனிவாழ்வையும் காக்க வேண்டாவா என்று அக்கட்டுரை வினவியது. தனியுரிமை என்று ஓர் உரிமை அந்நாட்டின் எந்தச் சட்டநூலிலும் அப்போது வரையறுக்கப்படவில்லை. பழைய வழக்குகள் பலவற்றை எடுத்துக்காட்டி, அவற்றினூடே அவ்வுரிமை மறைந்து கிடக்கிறது என்று இருவரும் நிறுவினர்.

எழுதியோர் முன்னாள் மாணவர். அச்சிட்டோர் அந்நாள் மாணவர். இதழோ மூன்று வயதுக் குழந்தை. பின்னர் பிராண்டைஸ் 1916இல் அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதியானார்.

இந்தியாவில் இவ்வுரிமை நெடுங்காலம் ஐயத்திற்குரியதாகவே இருந்தது. 1954இல் எம்.பி. சர்மா வழக்கிலும் 1962இல் கரக் சிங் வழக்கிலும், தனியுரிமை நம் அரசியலமைப்பு உறுதியளிக்கும் உரிமையன்று என்னும் கருத்தே மேலோங்கியது. கரக் சிங் வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி கே. சுப்பா ராவ், சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்று, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கியவர். நள்ளிரவில் காவலர் கதவைத் தட்டும் நிலையில் வாழ்பவருக்கு உரிமை முழுமையாக உள்ளது என்று கூற முடியாது என்பது அவர் கருத்தின் சாரம்.

1994இல் தமிழ்நாட்டு வழக்கொன்று இவ்வினாவை மீண்டும் உச்சநீதிமன்றத்தின் முன் நிறுத்தியது. மரண தண்டனைக் கைதி ஒருவர் சிறையில் எழுதியதாகக் கூறப்பட்ட தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிட முனைந்தது. அதனைச் சிறைத்துறை தடுக்க முயன்றது. பொது ஆவணங்களில் காணப்படும் செய்தியை வெளியிட எவருடைய இசைவும் வேண்டியதில்லை. அதனைத் தாண்டி ஒருவரின் தனிவாழ்வை வெளியிட்டால் அவருடைய தனியுரிமை மீறப்படலாம். எனினும், வெளியாகும் முன்னரே தடுக்கும் அதிகாரம் அரசு அலுவலர்க்கு இல்லை. இவ்வாறு உச்சநீதிமன்றம் எல்லைகளை வகுத்தது. தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்பதும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

2017 ஆகஸ்டு 24ஆம் நாள், புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒருமனதாக அறிவித்தது. முந்தைய இரு தீர்ப்புகளின் மாறான பகுதிகள் நீக்கப்பட்டன. அத்தீர்ப்பு தனியுரிமையின் வரலாற்றை விரித்துரைக்கும்போது, 1890ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்து ஆராய்கிறது. மாணவர் நடத்திய இதழின் பக்கங்கள் 126 ஆண்டுகளுக்குப் பின்னர், மற்றொரு கண்டத்தில், நூற்றுமுப்பது கோடி மக்களின் உரிமையை வரையறுக்கும் தீர்ப்பில் இடம்பெற்றன. அக்கட்டுரையின் அடிக்குறிப்புகள் பொய்யாக இருந்திருப்பின் இப்பயணம் நிகழ்ந்திராது.

இந்திய மண்ணில்

நம் நாட்டில் சட்டக் கல்வி நெடுநாள் மாலை வகுப்புக் கல்வியாகவே இருந்தது. பட்டம் பெற்றவர் மேலும் மூன்றாண்டுகள் பயில்வர். அவருள் பலர் பகலில் வேறு பணி செய்வர். இதழ் நடத்தும் ஓய்வும் நூலகமும் அவர்களுக்கு அரிதாகவே வாய்த்தன. என்.ஆர். மாதவ மேனனின் முயற்சியால் பெங்களூரில் இந்தியத் தேசியச் சட்டப் பள்ளி 1988இல் வகுப்புகளைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் நேரே சேர்ந்து ஐந்தாண்டுகள் பயிலும் முறை அங்கு வேரூன்றியது. வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் மாணவரிடையே இதழ்ப் பணியும் தழைத்தது. முதலில் வேறு பெயர் தாங்கிப் பின்னர் ‘நேஷனல் லா ஸ்கூல் ஆஃப் இந்தியா ரிவ்யூ’ எனப் பெயர்பெற்ற இதழ் அப்பள்ளி மாணவர் நடத்துவது. தனியார் பள்ளிக் கட்டணம் தொடர்பான டெல்லி வழக்கொன்றில், 2009இல், அவ்விதழில் வெளிவந்த கட்டுரை உச்சநீதிமன்றத்தில் எடுத்துக்காட்டப்பட்டது. கொல்கத்தாவில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழக மாணவர்கள் 2008 முதல் தம் இதழை நடத்துகின்றனர். தொழில்நுட்பம், அரசியலமைப்பு என ஒரு துறைக்கு மட்டும் உரிய மாணவர் இதழ்களும் உள்ளன.

தமிழ்நாட்டிலும் சென்னை, திருச்சிராப்பள்ளி ஆகிய நகரங்களில் சட்டப் பல்கலைக்கழகங்கள் அமைந்துள்ளன. நெய்வேலிக்கு அண்மையில் விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி உள்ளது. இப்பாடத்தைப் படிக்கும் மாணவர், இன்னும் சில ஆண்டுகளில் இத்தகைய பதிப்பு மேசை ஒன்றில் அமரக்கூடிய வயதினரே.

குறை கூறுவோர்

இம்முறைக்கு எதிர்ப்பும் உண்டு, அது புறக்கணிக்கத்தக்கதன்று. துறையில் முழுத் தேர்ச்சி பெறாதவர், தேர்ந்தவரின் ஆய்வை எங்ஙனம் மதிப்பிடுவார் என்பது முதல் வினா. கட்டுரையின் தரத்தை அளக்க இயலாதபோது, எழுதியவரின் பதவியையும் பல்கலைக்கழகத்தின் புகழையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க நேரிடும். எதற்கும் சான்று கேட்கும் பழக்கம் எல்லை மீறினால், சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதற்கும் அடிக்குறிப்பு வேண்டும் என்னும் நிலை வந்துவிடும். கட்டுரைகள் நீண்டுகொண்டே போவதும் நடை வறண்டுபோவதும் இதன் விளைவுகளே.

யேல் பல்கலைக்கழகத்தின் பிரெட் ரோடெல் என்னும் பேராசிரியர் 1936இல் இவ்விதழ்களைக் கடுமையாகச் சாடி, அவற்றிற்கு விடைகொடுப்பதாகவே ஒரு கட்டுரை எழுதினார். அக்கட்டுரையை வெளியிட்டது வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவர்களின் சட்ட இதழ். தம்மைக் கடிந்துரைத்த கட்டுரையையும் ஏற்று அச்சிட்ட அம்மாணவரின் செயல், அக்கட்டுரைக்கு ஒருவகையில் விடையும் ஆயிற்று.

எழுதியவரின் பெயரை மறைத்துவிட்டுக் கட்டுரையை மதிப்பிடுதல், துறையறிஞர் ஒருவரின் கருத்தையும் கேட்டுப் பெறுதல் ஆகிய வழிகளை இதழ்கள் பல இன்று கைக்கொள்கின்றன. தேர்வில் அறிஞரின் துணை தேவைப்படலாம். சரிபார்க்கும் பணியில் மாணவருக்கு நிகர் மாணவரே. ஒவ்வொரு சுட்டெண்ணையும் திறந்து பார்க்கும் பொறுமையும் நேரமும் முதியோரிடம் பெரும்பாலும் இருப்பதில்லை.

இல்லாத வழக்குகள்

அப்பொறுமையின் தேவை அண்மைக் காலத்தில் மிகுந்துள்ளது. 2023ஆம் ஆண்டு நியூயார்க் நீதிமன்றத்தில், விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் தம் மனுவில் முன்தீர்ப்புகள் பலவற்றை எடுத்துக்காட்டினர். பெயரும் சுட்டெண்ணும் நீதிபதியின் பெயரும் முறையாக இருந்தன. எதிர்த்தரப்பினர் தேடியபோது அவற்றுள் ஆறு வழக்குகள் எங்கும் கிடைக்கவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று அவற்றைப் புனைந்து தந்திருந்தது. வழக்கறிஞர்கள் மூலத்தைத் திறந்து பாராமலே நீதிமன்றத்தில் அளித்துவிட்டனர். நீதிபதி அவர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதித்தார்.

இருபது வயது மாணவப் பதிப்பாசிரியர் ஒருவர் அம்மனுவைப் பார்த்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும்? முதல் சுட்டெண்ணைத் தேடியிருப்பார். அப்பக்கத்தில் வேறொரு வழக்கு இருக்கக் கண்டிருப்பார். சில நிமிடங்களில் உண்மை வெளிப்பட்டிருக்கும்.

தமிழில் சட்ட ஆய்வு

இதுவரை கூறப்பட்ட இதழ்கள் அனைத்தும் ஆங்கில இதழ்கள். வேதநாயகம் பிள்ளை தொடங்கிவைத்த பணியைத் தமிழில் தொடர்ந்தோர் இல்லாமல் இல்லை. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய எஸ். மகராஜன், ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழாக்கியவர். சட்டங்களைத் தமிழில் ஆக்கும் ஆட்சிமொழி ஆணையத்திற்கும் தலைமை தாங்கினார். உச்சநீதிமன்றம் 2019ஆம் ஆண்டு முதல் தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட்டு வருகிறது. எனினும், தீர்ப்பை மொழிபெயர்த்தல் வேறு. தீர்ப்பை ஆராய்ந்து தமிழிலேயே வாதிடுதல் வேறு. முன்னதற்குச் சொல் போதும். பின்னதற்குச் சுட்டு முறையும் கலைச்சொல் ஒழுங்கும் ஐயம் எழுப்பும் பழக்கமும் வேண்டும்.

‘நலனுடையவர்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ‘அக்கறையுள்ளவர்’, ‘தொடர்புடையவர்’, ‘உரிமை கோருபவர்’ என இதனைப் பலவாறு தமிழாக்க இயலும். ஒவ்வொன்றும் சட்டத்தின் எல்லையைச் சிறிது நகர்த்தும். ‘உரிமை கோருபவர்’ என்றால் நிலக்கரி நிறுவனம் அதில் அடங்குவது ஐயம். ‘தொடர்புடையவர்’ என்றால் குத்தகைக்கு உழுதவர் முதல் கடன் கொடுத்தவர்வரை பலரும் அடங்கிவிடுவர். நெய்வேலியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நிலம் எடுப்பு அறிவிக்கையைக் கையில் வைத்திருக்கும் குடும்பத்திற்கு இச்சொற்களின் வேறுபாடு இலக்கண ஆராய்ச்சி மட்டுமன்று. கைக்கு வரும் தொகையையும் கேட்கப்படும் முறையையும் முடிவு செய்வது. அவ்வேறுபாட்டைத் தமிழில் ஆராய்ந்து, சான்று காட்டி, மறுப்புக்கும் இடம் தந்து எழுதும் மாணவர் இதழ் தோன்றுமாயின், அதன் முதல் வாசகர் சட்டம் பயிலாதவராகவே இருப்பார்.

கற்பவை கற்றபின்

நாளிதழில் வெளிவந்த நீதிமன்றச் செய்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் தீர்ப்பின் முடிவு எது, செய்தியாளரின் விளக்கம் எது எனப் பிரித்து எழுதுக.

உங்கள் பள்ளி ஆண்டு மலரிலிருந்து ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்க. அதில் கூறப்பட்டுள்ள ஆண்டுகள், பெயர்கள், மேற்கோள்கள் ஆகியவற்றை மூலநூல்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, கண்டறிந்த பிழைகளை எழுதியவருக்குப் பணிவுடன் தெரிவிக்கும் மடல் ஒன்று வரைக.

‘ஆசிரியரின் கட்டுரையை மாணவர் திருத்தலாமா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.